சிஸ்டர் அக்கா பதில்கள்: கைக்குழந்தைக்கு ஏ.சி.டி.எச். ஊசி ஓடுதா?

போன மாசம் கைக்குழந்தைங்களுக்கு வர்ற வலிப்பைப் பத்தி ரெண்டு பாரா எழுதினேன். அதுக்கு வந்த கடுதாசில பாதிக்கு மேல ஒரே ஊசியைப் பத்திதான் இருந்துச்சு, ஏ.சி.டி.எச். ஊசி. அதனால இந்த தடவை மத்த கேள்வி எல்லாத்தையும் தள்ளி வெச்சிட்டேன். நான் டாக்டர் இல்ல, குழந்தைங்க வார்டுல 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, இந்த ஊசியை என் கையால எத்தனையோ பிஞ்சுத் தொடைல போட்டிருக்கேன். டோஸைக் கூட்டு, குறைன்னு நான் சொல்லக் கூடாது, அது உங்க டாக்டர் வேலை. ஆனா இந்த ஊசி ஓடுற நாளுல வீட்ல எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேணாம்னு சொல்ல முடியும். ஏன்னா நம்ம வீடுகள்ல பயப்பட வேண்டாததுக்குப் பயந்துட்டு, பயப்பட வேண்டியதை விட்டுடுறாங்க, அதைப் பாத்துப் பாத்து மனசு நொந்துதான் எழுதுறேன்.

கேள்வி: அக்கா, எங்க வீடு கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்). பையனுக்கு ஏழு மாசம். தூங்கி எழுந்ததும் தலையைக் குனிஞ்சு கையை விரிச்சு விரிச்சு இழுத்தான். புதுச்சேரில இ.இ.ஜி. (மூளையோட மின் அலையைப் பதியுற டெஸ்ட்) எடுத்துப் பாத்துட்டு, இன்ஃபன்டைல் ஸ்பாசம், கைக்குழந்தைக்கு வர்ற ஒரு வகை வலிப்புன்னு சொல்லி இந்த ஊசியை ஆரம்பிச்சாங்க. இன்னியோட பதினாறு நாள். இழுப்பு நின்னுடுச்சு. ஆனா மூஞ்சி பலூன் மாதிரி உப்பிப் போச்சு, எந்நேரமும் பசின்னு அழுறான், ராத்திரி தூக்கம் இல்ல. மாமியார் "இழுப்புதான் நின்னுடுச்சே, இனிமே எதுக்கு இந்த ஊசி, புள்ள மூஞ்சியப் பாரு"ங்கிறாங்க. நாளைல இருந்து நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்தாத தங்கச்சி. இந்தப் பக்கத்துல வேற எதையும் படிக்கலன்னாலும் இதை மட்டும் மாமியாருக்குப் படிச்சுக் காட்டு. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. அது விடுற ஹார்மோன்தான் ஏ.சி.டி.எச். அது ரத்தத்துல போய் கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்பும், அட்ரினல் கார்ட்டிசால்னு ஒரு ஸ்டீராய்டைச் சுரக்கும். உடம்புக்குக் காய்ச்சல், பேதி, அடின்னு எந்தக் கஷ்டம் வந்தாலும் சர்க்கரையும் பிரஷரும் விழாம தாங்கிப் பிடிக்கிறது அந்த கார்ட்டிசால்தான். இப்ப நாம வெளியில இருந்து தினமும் ஏ.சி.டி.எச். போடுறோம் இல்லையா, புள்ளையோட பிட்யூட்டரி "எனக்கு வேலை இல்ல போல"ன்னு தூங்கிப் போயிடும். திடீர்னு ஊசியை நிறுத்தினா வெளியில இருந்தும் வராது, உள்ள இருந்தும் வராது. அதனாலதான் டாக்டருங்க கடைசி ஒண்ணு ரெண்டு வாரம் டோஸைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குறாங்க. இறக்குற அந்த நாளுங்களும் வைத்தியத்துல சேர்ந்ததுதான்.

வார்டுல ஒரு குழந்தை ஞாபகம் வருது. மூணு வாரம் ஊசி போட்டு இழுப்பு நின்ன சந்தோஷத்துல அப்பாவே நிறுத்திட்டாரு, அடுத்த வாரம் சாதாரண பேதிதான் வந்துச்சு, ஆனா தூக்கிட்டு வரும்போது புள்ள துணி மாதிரி தொவண்டு கெடந்துச்சு, சர்க்கரை அடிமட்டத்துல. நல்ல வேளை பொழச்சுது. அந்த அப்பா ஐ.சி.யூ. வாசல்ல தலைல கை வெச்சு உக்காந்திருந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், ஏன் சும்மா நிறுத்தக் கூடாதுன்னு அவருக்கு யாரும் புரியற மாதிரி சொல்லல.

சரி, மூஞ்சி உப்பினதுக்கு வர்றேன். கன்னம் உப்புறது, அகோரப் பசி, எடை ஏறுறது, நைநைன்னு அழுறது, தூக்கம் கெடுறது இதெல்லாம் இந்த மருந்து வேலை செய்யுற உடம்புல வர்றதுதான். பாக்கத்தான் கஷ்டமா இருக்கும். மருந்து முடிஞ்சு சில வாரத்துல இருந்து மெல்ல மெல்ல வடியும், பழைய மூஞ்சி வரும். பசின்னு அழும்போதெல்லாம் பிஸ்கட், சர்க்கரை போட்ட பால்னு திணிக்காத. தாய்ப்பாலும் டாக்டர் சொன்ன அளவு கூழும் போதும், சாப்பாட்டுல உப்பு சேக்காத.

இப்ப நிஜமா பயப்பட வேண்டியது. முதல்ல காய்ச்சல், அதை விட காய்ச்சல் இல்லாத நோய். இந்த ஊசி எதிர்ப்பு சக்தியை அடக்கிடும், அதோட காய்ச்சலையும் அமுக்கிடும், உள்ள நிமோனியா ஓடிட்டு இருக்கும், உடம்பைத் தொட்டா சில்லுன்னு இருக்கும். அதனால தெர்மாமீட்டரை மட்டும் நம்பாத. பால் குடிக்க மாட்டேங்குறான், கூப்பிட்டா திரும்பல, மூச்சு வேகமா வாங்குது, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சிருக்கு, வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கான்னா, காய்ச்சல் இருந்தாலும் இல்லாட்டியும் அந்த நேரமே ஆஸ்பத்திரி. வண்டி இல்லையா, 108ஐக் கூப்பிடு. பாராசிட்டமால் சொட்டு மருந்து ஊத்திட்டு விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

ரெண்டாவது பிரஷர். கைக்குழந்தைக்கு பிரஷரான்னு கேப்பாங்க, ஆமா வரும், இந்த ஊசில நிறைய புள்ளைங்களுக்கு ஏறும், வெளியில ஒண்ணும் தெரியாது, கவனிக்காம விட்டா இதயச் சுவர் கூடத் தடிச்சுப் போகும். வாரத்துக்கு எத்தனை தடவை பாக்கணும், எந்த நம்பரைத் தாண்டினா வரணும்னு டாக்டர் கிட்ட சீட்டுலயே எழுதி வாங்கிடு. ஓ.டி.ல இருந்து புதுச்சேரிக்கு ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற முடியாதுதான், பக்கத்துல பாக்கலாம், ஆனா குழந்தைக்கான சின்ன கஃப் இருக்கிற இடமா பாரு. பெரியவங்க கையில கட்டுற பட்டையைப் புள்ள கையில சுத்தினா அளவு குறைச்சுக் காட்டும், ஏறின பிரஷர் நார்மலாத் தெரியும். அழுதுட்டு இருக்கும்போதும் எடுக்கக் கூடாது, பால் குடுத்து மடியில அமைதியா இருக்கும்போது எடுக்கச் சொல்லு.

மூணாவது, மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ வாந்தில ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வந்தாலோ வயித்துல புண்ணு பட்டு ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், உடனே போகணும். இரும்புச் சத்து சொட்டு குடுத்தாலும் கறுப்பாப் போகும், அது குடுக்கிறியான்னு டாக்டர் கிட்ட சொல்லிடு. நடுநடுவுல சர்க்கரை, பொட்டாசியம் பாக்க ரத்தம் எடுப்பாங்க, எத்தனை தடவைதான் குத்துவீங்கன்னு சண்டை போடாத, அதுல தெரியுறது வேற எதுலயும் தெரியாது.

கேள்வி: பாகூர்ல இருந்து எழுதுறேன். நான் பார்மஸி டிப்ளமோ முடிச்சதால பாப்பாவுக்கு ஊசியை வீட்லயே போட்டுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. சீட்டுல 30 யூனிட்னு இருக்கு, இன்சுலின் சிரிஞ்சுல 30 கோடு வரைக்கும் இழுத்தா சரியா? இன்னொண்ணு, இங்க கரன்ட் அடிக்கடி போகுது, மருந்து கெட்டுப் போகுமா?

பதில்: தம்பி, நீங்க போடுறதுக்கு முன்னாடி கேட்டதுக்கு உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடணும். 30 கோடு வரைக்கும் இழுத்தா தப்பு, ஆபத்தான தப்பு. நம்ம ஊர்ல சாதாரணமா கிடைக்கிற சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்சுல ஒரு மில்லிக்கு 40 கோடு, அந்தக் கோடு இன்சுலினுக்கு மட்டும்தான் யூனிட். உங்க வயல்ல, அதான் மருந்துக் குப்பில, ஒரு மில்லிக்கு 60 யூனிட்னு போட்டிருக்குன்னு வெச்சுக்குவோம். 30 யூனிட்டுக்கு அரை மில்லி வேணும். இன்சுலின் சிரிஞ்சுல 30 கோடுன்னா முக்கால் மில்லி, அதாவது 45 யூனிட் உள்ள போயிடும். ஒன்றரை மடங்கு! தினமும் போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அது போக இன்சுலின் ஊசி தோலுக்கு அடில போடுற சின்ன ஊசி, இது தொடைத் தசைல போடுற மருந்து. ஒரு மில்லி சிரிஞ்சுல மில்லிக் கணக்கா கோடு போட்டது வாங்குங்க, "இத்தனை மில்லி"ன்னு டாக்டர் கையாலயே சீட்டுல எழுதி வாங்குங்க, முதல் ரெண்டு மூணு ஊசியை வார்டு சிஸ்டர் முன்னாடி இழுத்துக் காட்டிட்டுப் போடுங்க.

புது வயல் வாங்குற ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படிக்கணும். அதே ஹார்மோன்ல லேப்ல செயற்கையா செஞ்ச இன்னொரு வகை இருக்கு, அது யூனிட்ல வராது, மில்லிகிராம்ல வரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவாங்க. மருந்துக்கடைக்காரர் "இதுவும் அதேதான் சார்"னு குடுத்தா வாங்கிட்டு வந்துடாதீங்க, டாக்டருக்கு போட்டோ அனுப்பிக் கேட்டுட்டு வாங்குங்க. மருந்து ஜெல் மாதிரி கெட்டியா இருக்கும், போடுறதுக்கு முன்னாடி வெளிய எடுத்து உள்ளங்கைல வெச்சு சூடு ஏறட்டும், வெந்நீர்ல போடாதீங்க. இன்னிக்கு வலது தொடைன்னா நாளைக்கு இடது. ஒரு காலண்டர்ல தேதி, மில்லி, எந்தத் தொடை, அன்னிக்கு எத்தனை இழுப்புன்னு எழுதிட்டு வாங்க, போட்டாச்சா போடலையான்னு குழப்பம் வந்து ரெண்டு தடவை போட்ட வீடு எனக்குத் தெரியும். ஒரு வேளை விட்டுப் போச்சுன்னா சேத்துப் போடாதீங்க, போன் பண்ணிக் கேளுங்க.

ஃப்ரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஃப்ரீசர்ல வேணாம், கதவுத் தட்டுலயும் வேணாம், நடுத் தட்டுல ஒரு டப்பாக்குள்ள வைங்க. கரன்ட் ஒண்ணு ரெண்டு மணி நேரம் போனா ஃப்ரிட்ஜைத் திறக்காம விட்டாலே போதும். ஆனா நம்ம பக்கம் புயல்னா சும்மா இல்லையே, 2011 டிசம்பர்ல 'தானே' புயல் வந்தப்போ கடலூர் எத்தனை நாள் இருட்டுல கெடந்துச்சு, 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி கிட்ட கரையைக் கடந்தப்போ தெருவெல்லாம் தண்ணி. ஐப்பசி, கார்த்திகைல ஊசி ஓடுற வீடா இருந்தா வாய் அகன்ற ஃப்ளாஸ்க்கோ தெர்மகோல் பெட்டியோ ரெடியா இருக்கட்டும், ஐஸ் பேக்கைத் துணில சுத்தி வெச்சு, மருந்து ஐஸ் மேல படாத மாதிரி வைங்க. ஜெனரேட்டர் இருக்கிற மருந்துக்கடையா ஒண்ணு பாத்து முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. உறைஞ்சு போன மருந்தை உருக்கிப் போடவே கூடாது.

கேள்வி: என் பேத்திக்கு எட்டு மாசம், வில்லியனூர். இந்த ஊசி ரெண்டாவது வாரம் ஓடுது. அடுத்த மாசம் தட்டம்மை ஊசி வருது, மூத்த பேரனுக்குப் போலியோ சொட்டு குடுக்கணும்னு நர்ஸ் வந்து சொன்னாங்க. திருவந்திபுரத்துல மொட்டை போட வேண்டுதலும் இருக்கு. எதை எப்ப செய்யலாம்?

பதில்: அம்மா, மூணையும் இப்ப நிறுத்தி வைங்க, டாக்டர் தேதி சொல்லட்டும். தட்டம்மை ருபெல்லா ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, பி.சி.ஜி., ஜே.இ. ஊசில சில வகை இதெல்லாம் உயிருள்ள கிருமியையே பலவீனப்படுத்திச் செஞ்சது. சாதாரண புள்ளைக்கு அது நல்லது, எதிர்ப்பு சக்தி அடங்கிக் கெடக்கிற புள்ளைக்கு அந்தக் கிருமியே நோயாகிடலாம். மருந்து முடிஞ்ச அன்னிக்கே போடவும் கூடாது, அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் இடைவெளி விடணும், எவ்வளவுன்னு உங்க டாக்டர் டோஸைப் பாத்துச் சொல்வாரு. தடுப்பூசியே வேணாம்னு அர்த்தம் இல்ல, தள்ளிப் போடுறோம், அவ்வளவுதான். பென்டாவேலன்ட் மாதிரி உயிரில்லாத ஊசிங்களால அந்த ஆபத்து கிடையாது, ஆனா உடம்பு சரியா எதிர்ப்பு சக்தியை உண்டாக்காம போகலாம், அதையும் கேட்டுட்டே போடுங்க.

பேரனுக்குச் சொட்டு குடுத்தா அந்தக் கிருமி கொஞ்ச வாரம் அவன் மலத்துல வெளிய வரும், ஒரே வீட்ல தவழுற பாப்பாவுக்கு அது போய்ச் சேரும். வர்ற நர்ஸம்மா கிட்ட "தங்கச்சிக்கு ஸ்டீராய்டு மாதிரி ஊசி ஓடுது"ன்னு வாய் விட்டுச் சொல்லுங்க, அவங்க கோச்சுக்க மாட்டாங்க, வேற ஏற்பாடு பண்ணுவாங்க.

தேவநாத சுவாமி எங்கயும் போயிட மாட்டாரு, அந்தக் கூட்டத்துல இப்ப பாப்பாவைத் தூக்கிட்டுப் போகாதீங்க. மாசி மகத்துக் கூட்டமும் அப்படித்தான். அம்மை போட்டிருக்கிற வீட்டுக்குப் போறதோ அங்க இருந்து யாராவது பாப்பாவைத் தூக்குறதோ கூடவே கூடாது. தெரியாம நடந்துடுச்சுன்னா அம்மை இறங்கட்டும்னு வேப்பிலை வெச்சுட்டு உக்காராதீங்க, அன்னிக்கே டாக்டருக்குச் சொல்லுங்க, தடுக்குற மருந்து உண்டு, ஆனா சில நாளைக்குள்ள குடுத்தாத்தான் பிரயோஜனம். வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா அதையும் மறைக்காதீங்க, ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டி.பி. இருக்கான்னு பாக்குறது இதுக்காகத்தான்.

கேள்வி: தங்கச்சி கொழந்தைக்கு அஞ்சு மாசம், நெல்லிக்குப்பம். எழுந்ததும் பத்துப் பதினைஞ்சு தடவை கும்பிடுற மாதிரி குனியுது, அப்புறம் வீல்னு அழுது. பாட்டி உரம் விழுந்திருக்குன்னு முறத்துல போட்டு உருட்டினாங்க, தொக்கமும் எடுத்தாச்சு. காத்திருக்கலாமா?

பதில்: வேணாம், இன்னிக்கே கிளம்புங்க. ஒரு தடவை பதறிக் கையை விரிச்சா அது சத்தத்துக்குத் திடுக்கிடுறதா இருக்கலாம், வயித்து வலியா இருந்தா காலை மடக்கி நீளமா அழும். ஆனா ஒரே அசைவு, ஒண்ணு ரெண்டு செகண்டுதான், சில செகண்ட் விட்டு மறுபடி, மறுபடி, வரிசையா, அதுவும் தூங்கி எழுந்தப்போ வந்தா அது வேற. சிரிச்சுட்டு இருந்த புள்ள சிரிக்கல, மூஞ்சியைப் பாக்கலன்னா இன்னும் உறுதி. செல்போன்ல ஒரு முழு வரிசையையும் வீடியோ எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முன்னாடி அது வராது, ஆயிரம் வார்த்தை சொல்லி விளக்கினாலும் அந்த அரை நிமிஷ வீடியோ சொல்றது வராது. இ.இ.ஜி. தூக்கத்தையும் சேத்து எடுக்கணும், முழிச்சிருக்கும்போது மட்டும் எடுத்து நார்மல்னு வந்தா அதோட விட்டுடாதீங்க.

1841ல வெஸ்ட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் தன் சொந்த மகனுக்கு வந்த இதே குனியலைப் பத்தி லான்செட் பத்திரிகைக்கு எழுதினாரு, யாராவது வழி சொல்ல மாட்டீங்களான்னு ஒரு அப்பாவா கேட்டு எழுதின கடுதாசி அது. அவருக்கு மருந்து கிடைக்கல. இந்த ஏ.சி.டி.எச். இதுக்குக் கேக்கும்னு பெல்ஜியத்துல கண்டு சொன்னது 1958லதான். நூத்திப் பதினேழு வருஷம்! நமக்கு மருந்து இருக்கு, பஸ் ஏறினா ஜிப்மர் இருக்கு, நாம முறத்துல உருட்டிட்டு இருந்தா எப்படி? இந்த வலிப்புல ஒவ்வொரு வாரம் தள்ளிப் போறதும் புள்ளையோட புத்தி வளர்ச்சியை அரிக்கும்.

கேள்வி: ஊசி வாங்க வசதி இல்ல. ஸ்டீராய்டு சிரப் போதும்னு டாக்டர் சொன்னாரு. மட்டமான வைத்தியமா?

பதில்: இல்லவே இல்ல. இந்த ஊசி விலை உலகம் பூரா பிரச்சினைதான், அமெரிக்காவுல 2001ல ஒரு வயல் 40 டாலர் கிட்ட இருந்தது 2007ல 23,000 டாலரைத் தாண்டுச்சு. பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டை அதிக டோஸ்ல நிறைய டாக்டருங்க தைரியமா குடுக்குறாங்க. 2004ல வெளியான பிரிட்டன் ஆய்வுல இந்த ஊசியோ பிரெட்னிசலோனோ குடுத்த 55 குழந்தைல 40 பேருக்கு ரெண்டு வாரத்துல இழுப்பு நின்னுச்சு, விகாபாட்ரின்ங்கிற வலிப்பு மருந்துல 52க்கு 28. ஆனா ட்யூபரஸ் ஸ்க்ளீரோசிஸ்னு ஒரு நோய் இருக்கு, தோல்ல இலை மாதிரி வெளிறின திட்டு இருக்கும், அந்தப் புள்ளைங்களுக்கு விகாபாட்ரின்தான் முதல்ல, அதுக்குக் கண் பார்வையோட ஓரத்தைக் கவனிச்சுட்டே வரணும். சிரப்புக்கும் நான் மேல சொன்ன எல்லா எச்சரிக்கையும் உண்டு. முக்கியமா, பிரெட்னிசலோன் சிரப் 5 மில்லிக்கு 5 மில்லிகிராம்னும் வருது, 15 மில்லிகிராம்னும் வருது, பாட்டில் மாறினா மூணு மடங்கு. காலி பாட்டிலைக் கையோட எடுத்துட்டுப் போய் ஒப்பிட்டு வாங்குங்க.

கேள்வி: ஊசி எல்லாம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு, இழுப்பு இல்ல. இனி நிம்மதியா இருக்கலாமா சிஸ்டர்? (முதலியார்பேட்டை)

பதில்: சந்தோஷமா இரும்மா, அசந்து இருக்காத. இழுப்பு நிக்கிறது பாதி, இ.இ.ஜி.ல தெரிஞ்ச மூளை அலைக் கொந்தளிப்பு அடங்கிச்சான்னு பாக்குறது மீதி, அதை எப்ப எடுக்கணும்னு கேட்டு வை. முதல் சில மாசத்துல திரும்ப வர வாய்ப்பு நிஜமா இருக்கு, காலைல பாப்பா எழுந்திருக்கிற நேரம் பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து பாரு. பிசியோ, பேச்சு, பார்வைப் பயிற்சி எதுவானாலும் இப்பவே ஆரம்பிக்கணும், நடக்குற வயசு வரட்டும்னு தள்ளாத. தூங்கிப் போன பிட்யூட்டரி எழுந்திருக்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும், அதுக்குள்ள பெரிய காய்ச்சல், பேதி, ஆபரேஷன் எது வந்தாலும் வேற டாக்டர் கிட்ட போனா அவருக்கு இது தெரியணும். அதனால ஒரு அட்டைல இப்படி எழுதி தடுப்பூசி அட்டையோட சேத்து பின் பண்ணி வை: "ஏ.சி.டி.எச். ஊசி போட்ட குழந்தை. ஆரம்பிச்ச தேதி, கடைசி ஊசி தேதி, டோஸ். கடும் நோய் வந்தால் ஸ்டீராய்டு தேவைப்படலாம், சர்க்கரை அளவு உடனே பார்க்கவும். உயிருள்ள தடுப்பூசி இந்தத் தேதி வரை வேண்டாம்." தேதிங்களை உங்க டாக்டரையே நிரப்பச் சொல்லு, கீழ அவர் போன் நம்பரையும் வாங்கிடு.